வந்து சேர்ந்துவிட்டோம்

அக்டோபர் 19

அண்ணாவுக்கு,

கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பதுதான் முறை. கேட்டாயிற்று. இனி சண்டைக்கு வருகிறேன்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் வீடு இரண்டே அறை. உன் மாப்பிள்ளை பதினைந்து நாளாக வீட்டை விட்டு நகரவில்லை. நான் பால்கனியில் நின்று பேசினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறார். பல் செய்கிற எங்கள் லேபில் பேசினால் பக்கத்து மேஜைக்குக் கேட்கும், அதனால் அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். பல் அச்சுக்கு ஊற்றிய மாவு இறுக இருபது நிமிடம் ஆகும். அதற்குள் எழுதினால்தான் உண்டு. என் மேஜையில் பதினேழு பேருடைய தாடை வரிசையாக இருக்கிறது, ஒன்றும் வாயைத் திறந்து பேசாது. வீட்டிலும் அதே கதைதான்.

மலையிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் அசதி என்று விட்டுவிட்டேன். குளிக்கப் போனால் கதவைச் சாத்துவதில்லை. வானம் இருட்டினால் ஜன்னலை விட்டு விலகி சமையலறை மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்கிறார்.

பிறகு வேலையில் ஒன்று நடந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும்போது ஒருவர் மேலே மோட்டார் அறையில் இருப்பார், இன்னொருவர் கீழே குழியில் இறங்கியிருப்பார். கீழே இருப்பவர் குரல் கொடுத்தால் மேலே இருப்பவர் உடனே பதில் சொல்ல வேண்டும். அவர் உயிர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. இவர் மேலே. லிஃப்டை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கீழே இருந்தவர் "நிறுத்து" என்று மூன்று தடவை கத்தியிருக்கிறார். இவர் சுவிட்சில் கையை வைத்தபடியே நின்றாராம். பதிலும் இல்லை, லிஃப்டும் நிற்கவில்லை. குழியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அந்த மனிதர் தானே எகிறி அடித்து நிறுத்தியிருக்கிறார். மேஸ்திரி அன்றைக்கே இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இதெல்லாம் மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நடக்கப் போகலாம் என்று சொன்னது நீ. லீவு போட வைத்தது நீ. பதினொரு நாள் பாதை, ஒன்றும் ஆகாது, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று என் கையில் அடித்துச் சொன்னதும் நீ. ஐந்தாம் நாளே நீ காலை உடைத்துக்கொண்டாய், அவர் எதையோ உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அன்றைக்கு என்னதான் நடந்தது? ஆஸ்பத்திரியில் கேட்டபோது மருந்து மயக்கத்தில் இருந்தாய். இப்போது மயக்கம் இல்லையே, சொல்.

பதிலை லேப் முகவரிக்கு அனுப்பு. கவரில் "கீழ்த்தாடை அளவு" என்று எழுதிவிடு, என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள்.

மாவு இறுகிவிட்டது.

உன் தங்கை


அக்டோபர் 25

சின்னு,

கணுக்காலில் ஒரு தகடும் ஏழு திருகும் இருக்கின்றன. மாப்பிள்ளையிடம் சொல், அவர் தொழிலில் போடுகிற மாதிரிதான் போட்டிருக்கிறார்கள். போன வாரம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓட்டப்பந்தயம் நடத்துகிறேன். பையன்கள் பாதி வட்டத்தில் குறுக்கே புகுந்து வந்துவிட்டு மூச்சு வாங்குவது போல நடிக்கிறார்கள். எழுந்து துரத்த முடியாது என்ற தைரியம்.

அன்று நடந்ததில் பெரிதாக ஒன்றும் இல்லை. முகட்டில் மேகம் இறங்கியது, இடி இடித்தது, இரண்டு பேரும் பிரிந்துவிட்டோம். மணி இரண்டு இருக்கும். நான் சரிந்து விழுந்தேன். என் விசில் அவருக்குக் கேட்கவில்லை, காற்று அப்படி. என்னைக் காணோம் என்றதும் அவர் கீழே குடிலுக்கு ஓடிப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் இல்லையென்றால் நான் இல்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

மலையில் பயந்தவர்களுக்கு இப்படிச் சில நாள் இருக்கும். தானாகச் சரியாகிவிடும். மேஸ்திரியிடம் ஒரு மாதம் கேட்டு வாங்கு. குட்டிக்கு என் முத்தம்.

அண்ணன்


நவம்பர் 2

அண்ணா,

நீ பொய் சொன்னால் கடைசியில் "அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்" என்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இரண்டு மணிக்குப் பிரிந்தீர்களா? அன்றைக்கு ஒன்று ஐம்பதுக்கு அவர் எனக்கு ஃபோன் செய்தார். லேபில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நன்றாகத் தெரியும். ஏரிக்கரைக் குடிலில் இருந்து பேசுவதாகச் சொன்னார். "வந்து சேந்துட்டோம்" என்றார். சேந்துட்டோம். அண்ணா பக்கத்தில் இருக்கிறாரா, ஃபோனைக் கொடுங்கள் என்றேன். "ஷூவக் கழட்டிட்டிருக்கார், அப்புறம் பேசுவார்" என்று வைத்துவிட்டார். நான் சந்தோஷமாகப் போய் வேலை செய்தேன். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது.

இந்த ஒன்று ஐம்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு வாரமாக வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஏதோ குழப்பம், குடிலை அடைந்த பிறகு நீங்கள் மறுபடி மேலே போயிருப்பீர்கள், ஏதாவது பையை விட்டிருப்பீர்கள் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன். உன் கடிதம் வந்ததும் அந்தக் கதையும் போயிற்று.

இன்னொன்றும் நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, குட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் விழுந்ததும் "அப்பா, அப்பா" என்று கத்தினாள். நான் அடுப்பில் எண்ணெயை வைத்திருந்தேன். அவர்தான் பக்கத்தில் இருக்கிறாரே என்று ஒரு நொடி நின்றேன். அவள் மறுபடி கத்தினாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் குளியலறை வாசலில் நிற்கிறார். கதவு திறந்துதான் இருக்கிறது. இரண்டு எட்டில் குழந்தை தரையில் கிடக்கிறாள், இவரைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். இவரும் அவளைப் பார்க்கிறார். அசையவில்லை. அந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. என் வீட்டில் வேறு யாரோ நிற்பது போல இருந்தது.

நான் அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்த்தான் அவளைத் தூக்கினேன். அவர் மூலையில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு குட்டி அவரிடம் போகவில்லை.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. திங்கள், புதன் இரண்டு நாளும் நான் வர ஏழாகும். அதுவரை குழந்தை இவரோடுதான் இருக்க வேண்டும். இவரை நம்பி விடலாமா, வேண்டாமா? இதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யாரையும் காப்பாற்றப் பார்க்காதே. எனக்குப் பதில் வேண்டும்.

சின்னு


நவம்பர் 9

சின்னு,

குளியலறையில் நடந்தது பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இனி மறைக்க எனக்கு உரிமை இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

பதினொரு நாள் பாதையில் அந்த ஐந்தாம் நாள்தான் நீளமானது. இருபத்து மூன்று கிலோமீட்டர். நடுவில் ஒரு முகடு, அதன் மேலேயே ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், பிறகு வளைந்து வளைந்து ஏரிக்கரைக் குடிலுக்கு இறக்கம். இடையில் கூரை என்று எதுவும் கிடையாது. மரங்கள் முந்தின நாளே முடிந்துவிட்டன. அதற்கு மேல் புல், புல்லுக்கு மேல் கல் மட்டும்தான்.

விடிந்ததும் கிளம்பினோம். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார். ஏற்றம் முழுக்க மாடிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். "மச்சான், நானூறாவது மாடி தாண்டியாச்சு. இங்க லிஃப்ட் வச்சா வருஷம் பூரா நமக்கு வேலைதான்" என்றார். நான் சிரித்துக்கொண்டே மேலே பார்த்தேன். மேற்கே ஒரு மேகம் இருந்தது. சின்னதுதான். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். சொன்னவன் நான், வழி தெரிந்தவன் நான், திரும்பலாம் என்று சொல்லாதவனும் நான்தான். உன் திட்டில் அந்தப் பங்கு எனக்கு உரியது.

பத்தரைக்கு முகட்டில் ஏறினோம். அகலம் இரண்டு கட்டில் போடுகிற அளவு. இரண்டு பக்கமும் சரிவு. வழி தவறாமல் இருக்க ஐம்பது அடிக்கு ஒரு இடத்தில் கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள். முகட்டின் கடைசியை நெருங்கியபோது காற்று நின்றது. அவ்வளவு நேரம் காதை அடைத்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றதும் நான் மூச்சு விடுவது எனக்கே சத்தமாகக் கேட்டது. மேகம் பக்கவாட்டிலிருந்து வந்து எங்களை மூடிக்கொண்டது. அடுத்த கல் அடுக்கு தெரியவில்லை.

அப்போது என் ஊன்றுகோல் முனக ஆரம்பித்தது. தேன்கூட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தால் கேட்குமே, அப்படி. ஏதோ பூச்சி என்று கோலை உதறினேன். முனகல் கூடியது. கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. எனக்குப் புரியவில்லை. அவர் கரண்டோடு புழங்குகிறவர், மின்னல் இறங்கப் போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"கோலக் கீழ போடுங்க மச்சான். ஓடுங்க" என்றார். கத்தவில்லை, ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். சொன்ன மறு நொடி அவர் இல்லை.

நான் ஓடினேன். எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில்தான் விழுந்தது. தீக்குச்சி கருகின நாற்றம். அந்த வெள்ளையில் எங்கே காலை வைத்தேன் என்று தெரியாது. கல் நகர்ந்தது. கல்லோடு நானும் போனேன். நாற்பது அடி இருக்கும். ஒரு பெரிய பாறை தடுத்தது. நிமிர்ந்து பார்த்தால் என் வலது பாதம் எனக்குச் சம்பந்தமில்லாத பக்கம் திரும்பியிருந்தது.

விசில் கழுத்தில் இருந்தது. நிமிடத்துக்கு ஆறு ஊத வேண்டும், ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு. மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதல் நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆறு ஊதினேன். மறுபடி ஆறு. மூன்றாவது ஆறில் மேகம் கிழிந்தது.

கீழே, பாதை வளைகிற இடத்தில், அவருடைய சிவப்பு மழைக்கோட்டு தெரிந்தது. இருநூறு எட்டு தூரம் இருக்கும். வேகமாக இறங்கிக்கொண்டிருந்தார். விசிலைக் கேட்டு நின்றார். திரும்பினார். அண்ணாந்து பார்த்தார். நான் இரண்டு கையையும் தூக்கினேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அவரை "டேய்" என்று கூப்பிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், சின்னு. பார்த்தார் என்று எப்படித் தெரியுமென்றால், அவருடைய ஒரு கை பாதி உயர்ந்தது. அந்த நேரம் எனக்குப் பின்னால் மறுபடி இடித்தது. உயர்ந்த கை இறங்கியது. அவர் திரும்பிக்கொண்டார். ஓடக்கூட இல்லை. மழையில் கடைக்குப் போகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். மேகம் மூடிக்கொண்டது.

அப்போது மணி பதினொன்று நாற்பது.

பிறகு ஆலங்கட்டி பெய்தது. தின்பதற்கு உள்ளதும் தேநீர்க் குடுவையும் அவர் பையில். என் பையில் சோப்பு, வரைபடம், கூடாரத் துணி, இரண்டு பேருடைய அழுக்கு உடுப்பு. அத்தனை அழுக்கையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கூடாரத் துணியைச் சுற்றிக்கொண்டேன். மேலே இருந்து சில நிமிடத்துக்கு ஒரு தடவை கல் உருளும் சத்தம் வரும். எனக்கா, வேறு பக்கமா என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் தலையை முழங்காலுக்குள் சொருகிக்கொண்டு காத்திருப்பேன். அது எங்கோ போய் விழும். அடுத்தது கிளம்பும்.

தூங்கிவிடக் கூடாது என்று எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை மனப்பாடமாகச் சொன்னேன். தினமும் கூப்பிடுகிற பேர்தான். முதல் தடவை நாற்பத்திரண்டும் வந்தது. மூன்றாவது தடவை முப்பத்தொன்றோடு நின்றுவிட்டது. முப்பத்திரண்டாவது பையனுடைய முகம் தெரிகிறது, பல்வரிசை தெரிகிறது, பேர் வரவில்லை. குளிர் மூளைக்குள் போய்விட்டது என்று புரிந்தது. அன்று எனக்கு வந்த பயங்களில் அதுதான் பெரியது என்று நினைத்தேன். இல்லை. அதைவிடப் பெரியது ஒன்று வந்தது. அவர் குடிலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், ஆனால் யாரிடமும் சொல்லமாட்டார் என்று தோன்றியது.

அது சும்மா பயம் இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. குடிலை நடத்துகிற அம்மாள் என்னை ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் தனியாகச் சொன்னாள். ஒன்று நாற்பதுக்கு வந்தாராம். ஃபோன் கேட்டு வாங்கி உன்னிடம் பேசியிருக்கிறார். பிறகு அடுப்புப் பக்கத்தில் ஈரக் கோட்டோடு, ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாராம். கூட வந்தவர் எங்கே என்று அவள் இரண்டு தடவை கேட்டதற்கு, "பின்னால வந்துட்டிருக்கார்" என்று பதில். மூன்றாம் தடவை கேட்டபோது மூன்று பத்து. அப்போதுதான் எழுந்து, "அவர் வரல. நான் விட்டுட்டு வந்துட்டேன்" என்றாராம். அவள் திட்டவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஏறும்போது எல்லோருக்கும் முன்னால் ஓடினவர் அவர்தானாம். கூட வந்தவர்களால் எட்டிப் பிடிக்க முடியவில்லையாம்.

நான்கு ஐம்பதுக்கு முதலில் தெரிந்தது அந்தச் சிவப்புக் கோட்டுதான். அதைக் கழற்றி எனக்குப் போட்டார். கூட வந்தவர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாத இடங்களில் முதுகில் தூக்கிக்கொண்டார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே, "மச்சான், எனக்கு விசில் கேக்கல" என்றார்.

"காத்து அப்படி மாப்ள" என்றேன்.

அந்த இடத்தில் பிறந்த பொய்தான் உனக்கு எழுதியது. இன்று வரை நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

உன் கேள்விக்குப் பதில்: எனக்குத் தெரியவில்லை. அவர் கெட்டவர் என்று சொன்னால் பொய். தைரியமாக விட்டுவிட்டுப் போ என்று சொன்னாலும் பொய். திங்களும் புதனும் குட்டியைப் பக்கத்து வீட்டில் விடு. இதை அவரிடம் காட்டுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம்.

அண்ணன்


நவம்பர் 20

அண்ணா,

லேபில் உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் இருந்த மெழுகு பொங்கி வழிந்தது. யாரோ வந்து அணைத்தார்கள். எனக்கு ஏழு கடைவாய்ப்பல் வீணானது.

முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. நீ அன்றே சொல்லியிருந்தால் நான் எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருப்பேன், ஒரு நொடி நின்றிருக்கமாட்டேன். பிறகு நீ அங்கே ஐந்து மணி நேரம் கிடந்ததை நினைத்தேன். அந்த நேரம் நான் டப்பாவைக் கழுவிவிட்டு, பக்கத்து மேஜைப் பெண்ணிடம் எங்கள் வீட்டு ஆட்கள் மலையைத் தாண்டிவிட்டார்கள் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். கோபம் அதோடு போயிற்று. பயம் போகவில்லை.

கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. குட்டி பள்ளிக்குப் போனதும் அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒண்ணு அம்பதுக்கு ஃபோன் பண்ணீங்களே, அப்ப அண்ணா எங்க இருந்தார்?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் எழுந்து போகவில்லை. அப்புறம் சொன்னார். எல்லாம் சொன்னார். விசில் கேட்டதாம், முதல் ஊதலிலிருந்தே. நின்று பார்த்தாராம். "கையத் தூக்குனது தெரிஞ்சுச்சு. போகணும்னுதான் நெனச்சேன். கால் போயிடுச்சு. நான் போகல, கால்தான் போச்சு" என்றார். குடிலில் என்னோடு பேசிய பிறகு, நீங்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்துவிட்டதாக அவரே நம்ப ஆரம்பித்துவிட்டாராம். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உன்னுடைய ஷூ எங்கே என்று தேடினாராம். பொய் சொன்னார் என்றால் புரிந்துகொள்ள முடியும். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

இப்போது யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் கால் மறுபடி போய்விடுமோ என்ற பயத்தில் அசையாமல் நின்றுவிடுகிறாராம். குழியில் இருந்தவர் கூப்பிட்டபோதும் அதுதான். குட்டி கூப்பிட்டபோதும் அதுதான்.

அவர் அழுதார். நான் அழவில்லை. பத்து நாளாக நானும் குட்டியும் உள் அறையில் தாழ் போட்டுக்கொண்டு படுக்கிறோம். தாழ் போடும் சத்தம் அவருக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் போடுகிறேன். போட்ட பிறகு, பத்து வருடம் கூட வாழ்ந்தவரை இப்படிப் பூட்டி வெளியே வைக்கிறேனே என்றும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது.

இன்று காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். உன்னிடம் வருகிறாராம். நான் அனுப்பவில்லை, தடுக்கவும் இல்லை. நீ பார்த்துவிட்டதாக நான் சொல்லவில்லை, அது நீயே சொல்ல வேண்டியது. கடிதத்துக்கு முன்னால் அவர் வந்து சேர்ந்தாலும் சேர்வார். உள்ளே விடுவதும் விடாததும் உன் இஷ்டம். ஆனால் என்ன ஆனாலும் எனக்கு எழுது. இந்தத் தடவை அப்படியே எழுது.

சின்னு


டிசம்பர் 1

சின்னு,

அப்படியே எழுதுகிறேன்.

அவர் வந்தது சனிக்கிழமை பகல். கதவைத் திறந்தவுடன் என்னைக் கட்டிக்கொள்வார், நானும் தட்டிக்கொடுப்பேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அந்த மழைக்கோட்டைத்தான் கையில் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். ஊன்றுகோல் தரையில் டக்டக்கென்று அடித்துக்கொண்டது. அவர் பார்த்துவிட்டார். கோட்டைச் சுருட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

தேநீர் போட்டார். குடித்தோம். உன்னிடம் சொன்னதை என்னிடமும் சொன்னார், ஒன்றும் விடவில்லை. கடைசியில், "நான் நின்னது உங்களுக்குத் தெரியாது. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்றார்.

"தெரியும் மாப்ள" என்றேன். "நீங்க கையத் தூக்குனதும் பாத்தேன்."

உட்கார்ந்திருந்தவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார். "அப்ப ஏன் மச்சான், காத்து அப்படின்னு சொன்னீங்க?"

இதை உனக்குப் போன கடிதத்தில் எழுதவில்லை. நான் பெருந்தன்மையாகச் சொன்னேன் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"உங்க முதுகுல இருந்தேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். புரிந்துவிட்டது. அந்தப் பாதையில் ஒரு பக்கம் ஒன்றுமில்லை என்று எழுதினேனே. நான் பார்த்துவிட்டேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவர் தோளைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். சாய்த்திருக்கமாட்டார் என்று இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. என் தங்கை புருஷன் முதுகில் உட்கார்ந்துகொண்டு, இவன் என்னைத் தள்ளிவிடுவானோ என்று நினைத்தேன். அவர் கழுத்தைச் சுற்றி இருந்த என் கையை நானே பூட்டிக்கொண்டேன், போனால் இரண்டு பேரும் போவோம் என்று. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அப்படியே எழுது என்றாய்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு சுலபமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பத்து நாளாக இங்கேதான் இருக்கிறார். துணி துவைக்கிறார், என் காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறார். கதவைச் சாத்தாமல்தான் குளிக்கிறார். நான் பக்கத்து அறையிலிருந்து "மாப்ள" என்று கூப்பிட்டால் முதலில் சத்தமே இருக்காது. இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் கழித்து "ம்" என்று வருகிறது. ஆள் வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகிறது. ஆனால் வருகிறார். இங்கே என் கால் டாக்டரின் மூலமாக ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். வாரம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊரிலும் ஒருவருடைய முகவரி கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன்.

நீ தாழைத் திறக்க வேண்டும் என்று நான் எழுதமாட்டேன். எனக்கே அவர் பின்னால் வந்து நின்றால் முதுகு கூசுகிறது.

கோலை விட்டு நடந்து பழகச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். நேற்றுச் சாயங்காலம் கிளம்பினோம். கோலை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் படியில் இறங்கினேன். நேரான தெரு, தார் போட்டது. ஓரத்தில் சைக்கிள் கடை, மருந்துக் கடை. அவர் பழக்கத்தில் எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். நான்கு எட்டு போயிருப்பார். அந்த முதுகு விலகிப் போவதைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"முன்னால போகாதீங்க மாப்ள" என்றேன். "பக்கத்துல வாங்க."

நின்றார். திரும்பினார். அந்த முகம் வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு எட்டு, அவ்வளவுதான் தூரம். அதைக் கடந்து வர அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. மருந்துக் கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒரு கால் வந்தது. அடுத்த கால் வந்தது. பக்கத்தில் வந்து நின்று முழங்கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

தெருமுனை வரை போய்த் திரும்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது. வாசலுக்கு வந்ததும், நாளைக்கும் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன்.

அண்ணன்